மரக்கறித் தோட்டத்துக்குத் துவக்கு: அனுமதிப்பத்திரத்திலிருந்து சரியான தோட்டா வரை

காட்டுப்பன்றிக் கூட்டம் ஒரு ராத்திரி உருளைக்கிழங்குப் பாத்திக்குள் இறங்கினால் விடியும்போது விதைக்காசும் போயிருக்கும், பசளைக்காசும் போயிருக்கும். இலங்கை மலைநாட்டில் கந்தப்பளை, ராகலை, வெலிமடை, பொரலந்தை என்று எந்தப் பக்கம் போனாலும் இதே கதைதான். முள்ளம்பன்றி மரவள்ளியை முடிக்கும், குரங்கு போஞ்சியைப் பிய்த்துப் போடும். பயிர்ப் பாதுகாப்புக்கு என்று சட்டப்படி ஒரு 12 போர் (போர் என்பது குழல் அகலத்தின் அளவு) துவக்கு வைத்துக்கொள்ள வழி இருக்கிறது. ஆனால் அந்த வழியை முழுசாகச் சொல்லித் தர ஆளில்லை. அப்பாவின் துவக்கை என் பெயருக்கு மாற்ற நான் பட்ட அலைச்சலில் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். அலுவலக வேலை இதில் பாதிதான். கையில் வந்த துவக்கு எந்தத் தோட்டாவை எப்படி எறிகிறது என்று தெரிந்துகொள்வது மற்றப் பாதி. அதை அநேகமாக யாருமே செய்வதில்லை.

1. முதலில் காணி உறுதியைப் பாருங்கள்

பயிர்ப் பாதுகாப்பு அனுமதி பயிரை வைத்துத்தான் வரும், பயிர் காணியை வைத்துத்தான் வரும். உறுதி உங்கள் பெயரில் இருக்கிறதா, தாத்தா பெயரிலேயே கிடக்கிறதா, அண்ணன் தம்பிகளோடு பிரிக்காமல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிரிக்காத காணி என்றால் மற்றப் பங்குக்காரரின் சம்மதக் கடிதம் கேட்பார்கள். உறுதி பழசாகிக் கிழிந்திருந்தால் காணிப் பதிவகத்தில் அத்தாட்சிப் பிரதி எடுக்கலாம். அதற்குத் தனியாக நாள் போகும், ஆகவே அதைத்தான் முதலில் தொடங்குங்கள்.

தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், இருந்துகொண்டு லயத்தின் பின்பக்கத்தில் மரக்கறி போடுகிறவர்களுக்கு இந்த வழி கிட்டத்தட்ட மூடியே இருக்கிறது. நிலம் அரசுடையது, குத்தகை கம்பனியுடையது, பயிர் மட்டும்தான் உங்களுடையது. நியாயமா என்று கேட்டால் இல்லை. அப்படியானவர்கள் தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் முறையிட்டு, நிர்வாகத்தின் பெயரில் அனுமதியுள்ள துவக்கும் காவற்காரரும் இருந்தால் அவரை அனுப்பச் சொல்லிக் கேட்பதுதான் இப்போதைக்கு உள்ள வழி. கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரை வாங்கி வையுங்கள்.

அதற்காகக் கம்பிச் சுருக்கு வைக்கப் போகாதீர்கள். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் சுருக்கில் மாட்டிய கருஞ்சிறுத்தை சில நாளில் செத்துப்போனது நாடு முழுக்கத் தெரிந்த விஷயம். பன்றிக்கு வைத்த சுருக்கு என்று சொன்னால் வழக்கு நின்றுவிடாது. கம்பி தட்டுப்பட்டால் தானாக வெடிக்கும் கட்டுத்துவக்கும், வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் கொடுப்பதும் அதைவிட மோசம். இரண்டிலும் முதலில் மாட்டுவது விறகுக்குப் போகும் ஆள்தான்.

2. எந்த அலுவலகம், என்ன கடதாசி

1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டம்தான் இன்றைக்கும் அடிப்படை. தனிப்பட்ட பாதுகாப்புக்கு என்று கேட்கும் ஆயுதம் பாதுகாப்பு அமைச்சுக்குப் போகும். பயிர்ப் பாதுகாப்புக்கான வேட்டைத் துவக்கு மாவட்டச் செயலகத்தின் வேலை, அதாவது நம் ஆட்கள் இன்னமும் கச்சேரி என்று சொல்லும் இடம். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். விண்ணப்பத்தில் "உயிர்ப் பாதுகாப்புக்கும்" என்று ஒரு சொல்லைச் சேர்த்து எழுதினால் கோப்பு வேறு பாதையில் போய்விடும். 2024 நவம்பரில் தனிப்பட்ட பாதுகாப்புக்குக் கொடுத்த துவக்குகளை மீளாய்வுக்காக ஒப்படைக்கச் சொன்னது நினைவிருக்கும். எந்த நோக்கத்துக்கு அனுமதி என்பது வெறும் சம்பிரதாயம் இல்லை.

வரிசை இதுதான்: கிராம உத்தியோகத்தர், பிரதேச செயலகம், பொலிஸ் நிலையம், மாவட்டச் செயலகம். என்னிடம் கேட்ட கடதாசிகள்:

- தேசிய அடையாள அட்டைப் பிரதி, வதிவிடச் சான்று
- காணி உறுதியும் நில அளவைப் படமும்
- என்ன பயிர், எவ்வளவு நிலம், என்ன சேதம் என்று கமநல சேவை நிலையத்தில் வாங்கிய கடிதம்
- கிராம உத்தியோகத்தரின் சிபாரிசு
- பொலிஸ் அறிக்கை
- வைத்தியச் சான்றிதழ், புகைப்படங்கள்

இடத்துக்கு இடம் ஒன்றிரண்டு கூடும், குறையும். ஆகவே முதல் தடவை போகும்போதே கேட்கும் கடதாசிகளின் பட்டியலை எழுதித் தரச் சொல்லுங்கள். வாயால் சொன்னதைக் கேட்டுக்கொண்டு வந்தால் அடுத்த முறை மேசையில் வேறு ஆள் இருப்பார், பட்டியலும் வேறாக இருக்கும்.

சேதத்தைப் படம் எடுத்து வையுங்கள். திகதி தெரிகிற மாதிரி, பாத்தியும் பன்றிக் குளம்படியும் ஒரே படத்தில் விழுகிற மாதிரி. கமநல சேவை நிலையத்து உத்தியோகத்தர் நேரில் வர நாளெடுக்கும், அதற்குள் நீங்கள் பாத்தியைத் திருத்திவிடுவீர்கள்.

இன்னொன்று: நுவரெலியா மாவட்டத்தில் பிரதேச செயலகப் பிரிவுகளைப் பிரித்துப் புதியவை வந்திருக்கின்றன. நோர்வூட், தலவாக்கலை எல்லாம் அப்படி வந்தவை. பழைய உறுதியில் ஒரு பிரிவின் பெயரும் அடையாள அட்டையில் இன்னொன்றும் இருக்கலாம். இது ஒரே இடம்தான் என்று கிராம உத்தியோகத்தரிடம் ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஒரு வரிக்காகக் கோப்பு மாதக்கணக்கில் தூங்கலாம். படிவம் சிங்களத்தில் மட்டும் நீட்டினால் தமிழில் கேளுங்கள், அது உங்கள் உரிமை. தமிழ்ப் படிவம் வரத் தாமதமாகும் என்றால், சிங்களம் எழுதத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போய் நிரப்புவது வேகம். உரிமையையும் நேரத்தையும் எது எப்போது முக்கியம் என்று நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

செலவு: அனுமதிக் கட்டணம் அவ்வப்போது மாறும், மாவட்டச் செயலகத்தில் அன்றைய தொகையைக் கேட்டுக்கொண்டு கட்டுங்கள், பற்றுச்சீட்டு வாங்காமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். உண்மையில் காசு போவது பஸ்ஸிலும், போட்டோப் பிரதியிலும், வேலைக்குப் போகாத நாளிலும்தான். பொதுமக்கள் நாள் எது என்று தொலைபேசியில் கேட்டுக்கொண்டு போனால் பாதி மிஞ்சும். காலம் என்று பார்த்தால் மாதக்கணக்காகும். மார்கழிப் போகத்துக்கு வேண்டும் என்று ஐப்பசியில் தொடங்கினால் கிடைக்காது.

3. வீட்டில் பழைய துவக்கு இருந்தால்

அப்பாவின் அனுமதிப்பத்திரம் அப்பாவோடு முடிந்துவிடும். மகனுக்கு அது தானாக இறங்காது. இறந்த பிறகு துவக்கை அலுமாரியில் வைத்திருந்தால் அது அனுமதியில்லாத துவக்கு, அவ்வளவுதான். பொலிஸ் நிலையத்தில் துவக்கையும் மிச்சத் தோட்டாக்களையும் ஒப்படைத்து, தொடர் இலக்கம் எழுதிய பற்றுச்சீட்டு வாங்குங்கள். பற்றுச்சீட்டில் உள்ள இலக்கத்தைத் துவக்கில் உள்ளதோடு அங்கேயே நின்று ஒத்துப் பாருங்கள். துருவில் 3ஐ 8 என்று எழுதிவிடுவார்கள், பிறகு அதைத் திருத்துவது பெரிய பாடு. அப்புறம் மரணச் சான்றிதழ், பழைய அனுமதிப்பத்திரம், மற்ற வாரிசுகளின் சம்மதம் மூன்றையும் சேர்த்துப் புது விண்ணப்பம்.

4. சுடுவதற்கு முன் துவக்கைச் சோதியுங்கள்

நம் மலைநாட்டில் சுற்றிக்கொண்டிருக்கும் பல 12 போர் துவக்குகள் துரைமார் காலத்தவை. அழகாக இருக்கும். எல்லாமே இன்றைய தோட்டாவைத் தாங்கும் என்று நினைக்க வேண்டாம்.

துவக்கை மடக்கித் திறந்து, குழலை வெளிச்சத்துக்குப் பிடித்து அடிப்பக்கமிருந்து பாருங்கள். உள்ளே வளையம் வளையமாக நிழல் நேராகப் போக வேண்டும். ஓரிடத்தில் வளையம் நசுங்கித் தெரிந்தால் குழலில் பள்ளம் இருக்கிறது. கறுப்புப் புள்ளிகள் துருக்குழி. மூடிய பிறகு குழலை ஒரு கையாலும் தோளில் வைக்கும் கட்டையை மறு கையாலும் பிடித்து அசைத்துப் பாருங்கள், ஆட்டம் தெரிந்தால் பூட்டுத் தேய்ந்திருக்கிறது. குழலின் வெளிப்பக்கம் பாம்புத் தோல் போல வரி வரியாக இருந்தால் அது டமஸ்கஸ் குழலாக இருக்கலாம், பழைய கரிமருந்து (கறுப்பு வெடிமருந்து) காலத்துச் சாமான். பிரித்தானியத் துவக்கு என்றால் குழலின் அடியில் கிரீடமும் அதன் கீழே என்.பி. அல்லது பி.என்.பி. என்ற எழுத்தும் தேடுங்கள். இன்றைய புகையில்லா வெடிமருந்துக்குச் சோதித்த அடையாளம் அது. அது இல்லாவிட்டால், விவரம் தெரிந்த துவக்குத் திருத்துபவர் பார்த்துச் சொல்லும்வரை ஒரு தோட்டாவும் போடாதீர்கள்.

5. தோட்டாப் பெட்டியை வாசியுங்கள்

பெரிய பொறி இங்கேதான். பழைய துவக்குகள் பலவற்றில் தோட்டா உட்காரும் அறை 65 மில்லிமீற்றர், அதாவது இரண்டரை அங்குலம். இப்போது பரவலாக வருவது 70 மில்லிமீற்றர் தோட்டா. "உள்ளே போகிறதே, அப்போ சரி" என்று நினைப்பார்கள். போகத்தான் செய்யும். பெட்டியில் போட்டிருக்கும் நீளம் சுட்ட பிறகு வாய் விரிந்த கோதின், அதாவது தோட்டாவின் வெளிக்கூட்டின், நீளம். சுடாத தோட்டா வாய் மடிந்து குட்டையாக இருப்பதால் குட்டை அறைக்குள்ளும் சுகமாக இறங்கும். சுட்டவுடன் விரிய இடமில்லாமல் கோதின் வாய் குழலுக்குள் நீட்டிக்கொள்ளும், அழுத்தம் ஏறும். அறை நீளத்தைக் குழலின் அடியில் பொறித்திருக்கும் அடையாளத்தில் பாருங்கள், இல்லையென்றால் அளக்கச் சொல்லுங்கள். 76 மில்லிமீற்றர் மெக்னம் தோட்டாவைப் பழைய துவக்கின் பக்கத்திலேயே கொண்டுவர வேண்டாம்.

தோட்டாவுக்குள் இருக்கும் குண்டின் அளவு அடுத்தது, அதை எழுத்தாலோ இலக்கத்தாலோ சொல்வார்கள். பிரித்தானிய அளவுப்படி ஒரு அவுன்ஸ், அதாவது 28 கிராம் ஈயத்தில் எஸ்.ஜி. 8 குண்டு, எஸ்.எஸ்.ஜி. 15, பி.பி. 70, நாலாம் இலக்கம் 170, ஆறாம் இலக்கம் 270. ஆகவே 32 கிராம் எஸ்.ஜி. தோட்டாவில் 9 குண்டுதான் இருக்கும். பன்றிக்கு எஸ்.ஜி. அல்லது எஸ்.எஸ்.ஜி. தவிர வேறு எதையும் போடாதீர்கள். நாலாம் இலக்கத்தைப் பன்றிக்குப் போட்டால் அது காயத்தோடு ஓடிப்போய்த் தேயிலைச் செடிக்குள் படுத்திருக்கும், காலையில் கொழுந்து கிள்ளப் போகும் பெண்பிள்ளை அதன் மேலேதான் மிதிப்பாள்.

தோட்டாவை அனுமதி பெற்ற விற்பனையாளரிடம் அனுமதிப்பத்திரத்தைக் காட்டித்தான் வாங்கலாம், எத்தனை என்பதற்கும் வரையறை இருக்கிறது. பற்றுச்சீட்டுகளை அனுமதிப்பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள்.

வீட்டில் 20 போர் துவக்கும் இருந்தால் அந்தத் தோட்டாவை வேறு பெட்டியில், வேறு இடத்தில் பூட்டுங்கள். 20 போர் தோட்டா ஒல்லியானது, 12 போர் அறையைத் தாண்டி வழுக்கிப் போய்க் குழலுக்குள் நிற்கும். வெடிக்கவில்லையே என்று திறந்து பார்த்தால் அறை வெறுமையாகத் தெரியும். அதன் பின்னால் 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் உங்கள் இடது கைக்கு மேலேயே பிளக்கும். 20 போர் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்வதே இதற்காகத்தான்.

6. வெற்றுக் கோதை நிரப்பாதீர்கள்

ஊரில் ஒருவர் இருப்பார். "தம்பி, கோதைத் தூக்கிப் போடாதே, நான் நிரப்பித் தர்றேன், கடைத் தோட்டாவைவிட நல்லா போகும்" என்பார். மரியாதையாக வேண்டாம் என்று சொல்லுங்கள். அனுமதியில்லாமல் வெடிமருந்து வைத்திருப்பதும் தோட்டா செய்வதும் குற்றம், 1956ஆம் ஆண்டின் வெடிபொருட்கள் சட்டம் தனியாகவே இருக்கிறது. அதையும் விட, கைக்கு ஆபத்து.

அமெரிக்காவில், அவுஸ்திரேலியாவில் ரைபிளுக்குத் தாங்களே தோட்டா நிரப்புகிறவர்கள் நிறைய. அது அங்கே சட்டப்படி நடக்கிற பொழுதுபோக்கு. ஆனால் அவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று பாருங்கள். மருந்துக் கம்பனி வெளியிட்ட அட்டவணையை வைத்து, அதிலுள்ள உச்ச அளவுக்குப் பத்து வீதம் கீழே தொடங்கி, ஒரு கிரெய்னில் பத்தில் ஒரு பங்கு காட்டும் தராசில் நிறுத்து, சிறிது சிறிதாக ஏற்றிக் காகிதத்தில் சுட்டுப் பார்ப்பார்கள். ஒரு கிரெய்ன் என்பது 0.0648 கிராம். கோது, கேப்பு (அடியில் இருந்து தீ மூட்டுவது), மருந்து, குண்டு இந்த நான்கில் ஒன்றை மாற்றினாலும் திரும்பக் கீழிருந்து தொடங்குவார்கள். நம்மூர் ஆள் கரிமருந்துக்குப் பழகின கரண்டியால் புகையில்லா மருந்தை அள்ளிப் போடுகிறார். ஒரே கரண்டி, பல மடங்கு சக்தி. ஐரோப்பிய நியமப்படி சாதாரண 12 போர் தோட்டாவின் அழுத்த எல்லை 740 பார் (அழுத்தத்தின் அலகு). கரண்டிக்காரருக்கு அதை அளக்க எதுவும் கிடையாது.

ஆனால் அந்த வெளிநாட்டுக்காரர்களிடமிருந்து ஒரு பழக்கத்தை எடுத்துக்கொள்ளலாம்: சுட்டுப் பார்க்காமல் எந்தத் தோட்டாவையும் நம்பாதது. கடைத் தோட்டாவுக்கும் அது பொருந்தும்.

7. காகிதத்தில் சுட்டுப் பாருங்கள்

ஒரே அளவுக் குண்டு, ஒரே நிறை, வேறு வேறு கம்பனி: உங்கள் குழலில் ஒன்று கூட்டமாகப் போகும், இன்னொன்று சிதறும். எது என்று பெட்டியைப் பார்த்துச் சொல்ல முடியாது. குழல் வாயின் இறுக்கத்தைச் சோக் என்பார்கள். வழக்கமான கணக்குப்படி 40 யாரில் (ஒரு யார் மூன்று அடி) 30 அங்குல வட்டத்துக்குள் முழுச் சோக் 70 வீதக் குண்டையும், பாதிச் சோக் 60 வீதத்தையும், இறுக்கமே இல்லாத குழல் 40 வீதத்தையும் போடும். சிறு குண்டுக்கான கணக்கு அது. எஸ்.ஜி. போன்ற பெரிய குண்டுக்கு முழுச் சோக் சில வேளை எதிர்மாறாகவே வேலை செய்யும், வாயில் நெருக்குப்பட்டுச் சிதறிப் போகும்.

செய்யும் முறை: பொலிஸ் நிலையத்துக்கு நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே சொல்லுங்கள், அக்கம்பக்கத்துக்கும் சொல்லுங்கள். உங்கள் காணியில் மண் வெட்டிய செங்குத்துக் கரை ஒன்று பின்னால் இருக்கும் இடமாக எடுங்கள். கல் இருக்கும் கரை வேண்டாம், குண்டு தெறிக்கும். பசளைப் பைக்குள் வரும் காகிதத்தை நாலு அடிக்கு நாலு அடியாக ஒட்டிச் சட்டத்தில் கட்டுங்கள். நடுவில் கரியால் ஒரு புள்ளி. 25 யார் தள்ளி நில்லுங்கள், என் அபிப்பிராயத்தில் மலைச்சரிவில் பன்றிக்கு அதற்கு மேல் சுடுவதே பிழை. காதுக்கும் கண்ணுக்கும் மறைப்புப் போடுங்கள்.

ஒரு வகைத் தோட்டாவில் குறைந்தது மூன்று சுடுங்கள், ஒவ்வொன்றுக்கும் புதுக் காகிதம். ஒரே காகிதத்தில் மூன்றையும் சுட்டால் எது எங்கே போனது என்று தெரியாது. காகிதத்தில் தோட்டாவின் பெயர், எந்தக் குழல், தூரம், திகதி எழுதுங்கள். இரட்டைக் குழல் என்றால் இரண்டையும் தனித்தனியாகச் சோதியுங்கள், வலது குழலும் இடது குழலும் ஒரே இடத்தில் அடிப்பது அரிது. தோட்டா விலைக்கும் வரையறைக்கும் இது வீண் செலவு என்று தோன்றும். தோன்றட்டும்.

அப்புறம் எண்ணுங்கள். புள்ளியைச் சுற்றி 12 அங்குல வட்டம் போட்டு உள்ளே விழுந்ததைப் பாருங்கள், பன்றியின் நெஞ்சுப் பகுதி கிட்டத்தட்ட அவ்வளவுதான். எஸ்.ஜி. 9 குண்டில் குறைந்தது ஐந்து மூன்று காகிதத்திலும் உள்ளே இருந்தால் அந்தத் தோட்டாவை வைத்துக்கொள்ளலாம் என்பது என் கணக்கு. ஒரு காகிதத்தில் எட்டு, அடுத்ததில் இரண்டு என்றால் வேண்டாம், எட்டைப் பார்த்து மயங்காதீர்கள். கூட்டம் நன்றாக இருந்து புள்ளிக்கு மேலேயோ பக்கத்திலேயோ விழுந்தால் தோட்டாவில் குற்றமில்லை, கட்டையில் கன்னம் வைக்கும் விதத்தில் இருக்கிறது. குழலை மாற்றிப் பார்த்தும் எல்லா வகையும் சிதறினால் 20 யாருக்குள் வந்தால் மட்டும் சுடுவது என்று முடிவெடுங்கள்.

சுடும்போது சத்தம் "புஸ்" என்று வந்தால் உடனே நிறுத்துங்கள். மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே இருக்கும் அடைப்பு குழலுக்குள் நின்றிருக்கலாம். அடுத்த தோட்டாவைப் போடும் முன் குழலுக்குள் பார்த்தாக வேண்டும். விசையை இழுத்தும் ஒன்றுமே நடக்காவிட்டால் குழல் வாயைக் கரைப்பக்கமே பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் பொறுத்துத் திறவுங்கள், தாமதித்து வெடிப்பது உண்டு.

8. சரிவில் எங்கே நிற்பது

பழைய வேட்டைக்காரர் கணக்கு ஒன்று உண்டு: குண்டின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து 2200ஆல் பெருக்கினால் அது போகக்கூடிய உச்ச தூரம் யாரில் வரும். எஸ்.ஜி. குண்டுக்கு அது 700 யாருக்கு மேல். உங்கள் மரக்கறித் தோட்டத்திலிருந்து 700 யாருக்குள் என்னென்ன இருக்கிறது என்று பகலில் ஒருமுறை நின்று பாருங்கள். கீழே லயம், பக்கத்தில் பாடசாலை, எதிரே பாதை. மேலே நின்று கீழ்நோக்கி மண்ணுக்குள் சுடும் இடம் ஒன்றிரண்டுதான் தேறும். அந்த இடங்களை மட்டும் குறித்து வையுங்கள். மேட்டுப் பக்கம் வானம் தெரியும் விளிம்பில் நிற்கும் பன்றியைச் சுடவே கூடாது.

அசைவைப் பார்த்துச் சுடாதீர்கள், முழு உருவத்தைப் பார்த்த பிறகுதான். மரையும் சிறுத்தையும் பாதுகாக்கப்பட்டவை. எந்த விலங்குக்கு உங்கள் அனுமதி பொருந்தும், இரவில் என்ன நிபந்தனை, சுட்ட பன்றியை என்ன செய்யலாம் என்பதை வனசீவராசிகள் அலுவலகத்தில் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். காணிக்கு வெளியே, காட்டோரத்தில் டோர்ச்சும் துவக்குமாக நின்றால் பயிரைக் காத்ததாக யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

9. ஈரம், பூட்டு, புதுப்பித்தல்

நுவரெலியாப் பனிக்குத் துவக்கு ஒரு மழைக்காலத்தில் துருப்பிடிக்கும். சுட்ட அன்றே குழலைத் துடைத்து மெல்லிய எண்ணெய் பூசுங்கள். அடுப்பங்கரைப் பரணில் வைக்காதீர்கள். தோட்டாவில் எண்ணெய் படக் கூடாது, கேப்புக்குள் இறங்கினால் வெடிக்காது. காகிதக் கோது ஈரத்தில் ஊதி அறைக்குள் இறுகும், பிளாஸ்டிக் கோது நல்லது. பித்தளை அடியில் பச்சைப் பாசி பிடித்த தோட்டாவைப் பொலிஸில் ஒப்படையுங்கள், குழி தோண்டிப் புதைக்க வேண்டாம். துவக்கு ஒரு பூட்டில், தோட்டா இன்னொரு பூட்டில், இரண்டு சாவியும் உங்களிடம்.

அனுமதிப்பத்திரம் டிசம்பர் 31ஆம் திகதியோடு முடிகிறது. அடுத்த வருடத்துக்கான புதுப்பித்தல் வழக்கமாக ஒக்டோபர் 1இல் தொடங்கி டிசம்பர் 31 வரை நடக்கும். டிசம்பர் கடைசி வாரத்தில் கச்சேரியில் நிற்க இடமிருக்காது, ஒக்டோபரிலேயே போங்கள். துவக்கைக் கொண்டுவந்து காட்டச் சொன்னால் தோட்டாவை வீட்டில் விட்டுவிட்டு, துவக்கைக் கழற்றி உறையில் போட்டு, அனுமதிப்பத்திரத்தை மேல் பையில் வைத்துக்கொண்டு போங்கள். பஸ்ஸில் போவதைவிட ஒரு முச்சக்கரவண்டி பிடித்துக்கொள்வது நல்லது, வழியில் சோதனை வந்தால் ஆட்களுக்கு நடுவே உறையைத் திறக்க வேண்டியிராது.

கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ நீண்ட நாளுக்குப் போவதாக இருந்தால் சாவியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டுப் போகக் கூடாது. அனுமதி உங்கள் பெயருக்கு மட்டும்தான். துவக்கைப் பொலிஸ் நிலையத்தில் வைத்துப் பற்றுச்சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள், திரும்பி வந்ததும் எடுத்துக்கொள்ளலாம். வெளியில் இருக்கும் காலத்தில் டிசம்பர் 31 வருகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். வந்தால் போவதற்கு முன்பே கச்சேரியில் ஒரு கடிதம் கொடுத்து, பிரதியில் முத்திரை வாங்கி வைத்துவிட்டுப் போங்கள்.